கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு பழைய உறுமிக்காரனின் திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும், செயலாளருக்கும், பொருளாளர் மாமாவுக்கும், செயற்குழுவில் இருக்கிற என் கூட்டாளிகளுக்கும் வணக்கம்.

இதை நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை வந்தேன். முதல் தடவை எட்டு மணிக் கூட்டம் ஒன்பதரைக்குத்தான் தொடங்கியது, அதற்குள் என் கால் இரண்டும் 'போதும், கிளம்பு' என்று சொல்லிவிட்டன. இரண்டாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் ஆளாளுக்கு "நீ ஏன்பா அலையிற, வீட்ல ரெஸ்ட் எடு" என்று சொல்லி, நாற்காலி போட்டு உட்கார வைத்து, சூடாக ஒரு மைலோ கொடுத்து, காரில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். மைலோ நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வந்ததுதான் அப்படியே நின்றுபோனது. அதனால் என் நோயைப் பற்றியும் நம் கோயிலில் எனக்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன், மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட்டில் இருக்கிற நம் ஆட்கள் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன ஆடித் திருவிழாவில் தீமிதி அன்று நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அன்று நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே, குழியிலிருந்து ஒரு இருபது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கட்டைகள் எரிந்து கங்காகிக்கொண்டிருந்தன. அனல் முகத்தில் அடிக்க அடிக்க இடது கண்ணில் பனி படர்வது போல மங்கிக்கொண்டே வந்தது, முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மைக்கில் என் பெயர். "நம்ம கோயில்ல பதினஞ்சு வருஷம் உறுமி அடிச்ச தம்பி, நரம்பு நோயால அவதிப்படுறார், பக்தர்கள் மனசு வைக்கணும்" என்று அறிவித்து தட்டு ஏந்தினீர்கள். ஊரே திரும்பிப் பார்த்தது. எனக்கு அப்போது அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் நோயில் இது ஒரு தொல்லை: மூளைக்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் சேதி ஒழுங்காகப் போய்வராது, வருகிறது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே வருகிறது என்றுதான் அர்த்தம், 'பத்து நிமிஷம் பொறு' என்ற பேச்சே கிடையாது. கம்பை ஊன்றிக்கொண்டு மடப்பள்ளிக்குப் பின்னால் போனால் கழிவறைக் கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால், காப்புக் கட்டி மஞ்சள் வேட்டியோடு பூக்குழிக்கு வரிசையில் நிற்கிறவரிடம்.

மேற்கொண்டு விவரமாக எழுத வேண்டாம். வெளிர் மஞ்சள் வேட்டியில் ஈரம் எதையும் மறைக்காது, அவ்வளவுதான்.

தட்டோடு என்னைத் தேடிக்கொண்டு மூன்று பேர் வருவது தெரிந்தது. மேளக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு பொடியன், பதினாறு வயது இருக்கும், அவன் என் வேட்டியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. தீ மிதிக்கிறவர்கள் மேல் ஊற்ற வைத்திருந்த மஞ்சள் தண்ணீர் வாளியைத் தூக்கி என் தலையிலிருந்து கால் வரைக்கும் ஊற்றினான். பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தட்டோடு வந்த மூவரும் அந்த ஈர ஆளிடம்தான் 640 வெள்ளிப் பணத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தத் தண்ணீர் மானத்தை மட்டும் காப்பாற்றவில்லை. ஐந்தே நிமிஷத்தில் கண் தெளிந்தது, கால் திரும்ப வந்தது. இதில் மாயம் ஒன்றும் கிடையாது. போன வருஷம் நம் ஒலிபெருக்கி ஒயரை எலி கடித்துவிட்டு, பாட்டு நடுநடுவே கரகர என்று விட்டு விட்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? செம்பு அறுந்துபோகவில்லை, மேலே இருந்த பிளாஸ்டிக் உறையைத்தான் எலி கரண்டியிருந்தது. எனக்கு வந்திருக்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., ஏறக்குறைய அதே கதைதான். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளுக்கு மயலின் என்று ஓர் உறை உண்டு. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல்படை ஆள் தெரியாமல் அந்த உறையைப் போய்த் தாக்குகிறது. நாளானால் உள்ளே இருக்கிற கம்பியும் கெடும். உறை போன நரம்பில் சூடு ஏறினால் சேதி இன்னும் தடுமாறும், உடம்பு வெப்பம் அரை டிகிரி கூடினாலே சிலருக்குப் போதும். ஊட்டோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதை 1890லேயே எழுதி வைத்திருக்கிறார். உடம்பு குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே வெயிலில் நான் தள்ளாடினால் ஆள் முடிந்தான் என்று பதற வேண்டாம், நிழலும் கொஞ்சம் ஐஸ் தண்ணீரும் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஆரம்பத்தில் எனக்கே எதுவும் புரியவில்லை. 2017இல் ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நிற்கிறேன், கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தல், வலது கண்ணைக் கையால் மூடினேன். அம்மனுக்குச் சாத்தியிருந்த சிவப்புப் பட்டு ஐம்பது தடவை துவைத்த துணி மாதிரி வெளிறித் தெரிந்தது. கையை மாற்றி இடது கண்ணை மூடினால் பளிச்சென்ற சிவப்பு. ஒரு கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள், சில வாரத்தில் தானாகவே தெளிந்தது, நானும் மறந்துவிட்டேன். கண்ணில் அன்று கெட்டது கண் நரம்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அப்புறம் கழுத்து. தலையைக் குனிந்து கும்பிட்டால் பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால் வரைக்கும் சுரீரென்று கரண்ட் பாயும். எங்கள் பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அம்மன் உன் மேல் இறங்கப் பார்க்கிறாள் என்றார். இரண்டு வருஷம் நானும் அப்படித்தான் நம்பினேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 2019இல் உறுமியில் தேய்க்கிற என் இடது கை மரத்துப்போய், கோல் நழுவிப் பூசை நடுவில் கீழே விழுந்தபோதுதான் ஈப்போவுக்குப் போனேன். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நம் பக்கத்து நாடுகளில் இதே சாயலில் இன்னொரு நோயும் உண்டாம், இதற்குக் கொடுக்கிற மருந்து அதைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால் அது இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மருந்தே எழுதினார்கள், வாரத்தில் மூன்று நாள் போட்டுக்கொள்கிற ஊசி. கழுத்துக் கரண்டைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் சிரித்துவிட்டு, அதற்கு லெர்மிட் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றார். பெரியம்மாவிடம் இதை இன்றுவரை நான் சொல்லவில்லை.

உலகத்தில் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2020இல் கணக்கு எடுத்திருக்கிறார்கள். குளிர் நாடுகளில் அதிகம், நம்மைப் போல் பூமத்திய ரேகை ஓரம் இருக்கிற ஊர்களில் குறைவு. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆக இந்த ஊரில் யாரும் கேள்விப்படாத ஒரு நோய் ஓர் ஆம்பளைக்கு வந்ததும், செய்வினை என்று நீங்கள் முடிவுகட்டியதை முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சுக்கு நான் கொடுத்த விலை பெரிது. எடுக்கிறேன் என்றவருக்கு 1,800 வெள்ளி. பாக்கி வேண்டுதல் ஏதோ இருக்கிறது என்று குழுவிலேயே ஒருவர் சொன்னார், அதற்கு ஒரு ஆடு. எந்த வேண்டுதல் பாக்கி என்று என் அம்மா மூன்று நாள் தூங்காமல் யோசித்தார். 2022இல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஒரு கோடிப் பேரின் பதிவுகளை வைத்து ஒரு ஆராய்ச்சி வந்தது: எப்ஸ்டீன் பார் என்கிற ஒரு சாதாரண வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறதாம். அந்த வைரஸ் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும், உங்களை விட்டுவிட்டு என்னை ஏன் பிடித்தது என்பதில்தான் இன்னும் முடிச்சு அவிழவில்லை. எதுவானாலும் பக்கத்து வீட்டுக்காரி வைத்த எலுமிச்சம்பழம் காரணம் இல்லை. அந்த அக்காவோடு என் அம்மா ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். பாவம் அந்த அக்கா.

இதைவிடக் கெட்டது அந்தப் பானம். பெயர் சொல்ல மாட்டேன், ஆளையும் சொல்ல மாட்டேன், பெட்டி 280 வெள்ளி, நரம்பைத் திரும்ப வளர்க்குமாம். விற்றவர் நல்லவர்தான், அவரும் நம்பித்தான் விற்றார். ஆனால் 'ஊசியை நிறுத்து, ரெண்டும் ஒத்துக்காது' என்றார், நான் நிறுத்தினேன். நாலு மாதம் ராஜா மாதிரி இருந்தேன். ஐந்தாவது மாதம் ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் தரை இல்லை. வார்டில் பத்து நாள், முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அன்றிலிருந்துதான் கைக்கம்பு. அதில் போன வலது கால் பலம் முழுசாகத் திரும்பவில்லை. இனிமேல் கோயில் மண்டபத்தில் யாரும் யாரிடமும் மருந்தை நிறுத்தச் சொல்லக்கூடாது என்று நீங்கள் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். மைக் இருக்கிறதே, அதற்குப் பயன்படுத்துங்கள்.

சரி, வேறு வழியில் நான் எதுவும் முயற்சி செய்யவில்லையா என்றால், நிறையச் செய்தேன், செய்கிறேன். ஆனால் ஊசியோடு சேர்த்துத்தான். முதல் வேலையாகச் சிகரெட்டை விட்டேன், புகை பிடிப்பவர்களுக்கு இந்த நோய் வேகமாக முற்றுகிறது என்பது உறுதியாகவே தெரிந்த விஷயம். சாப்பாடு பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ராய் ஸ்வாங்க் என்று ஒரு நரம்பு மருத்துவர் கெட்டக் கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடச் சொல்லி 144 நோயாளிகளை 34 வருஷம் கவனித்து 1990இல் எழுதினார், கட்டுப்பாடாக இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வைக்காமல் செய்த ஆராய்ச்சி என்பதால் டாக்டர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் பாதி எடுத்துக்கொண்டேன். ரொட்டி சானாய் மாதத்துக்கு ஒன்று. மற்ற நாளில் அம்மாவின் ரசம், முருங்கைக்கீரை, கெம்போங் மீன் குழம்பு, அதில் தேங்காய்ப்பால் இல்லாமல் அம்மாவுக்குச் சமைக்கத் தெரிய ஒரு வருஷம் பிடித்தது. இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் எனக்கு வைட்டமின் டி குறைவு என்று ரிப்போர்ட் வந்தது, அதற்கும் மாத்திரை.

விடிவதற்கு முன்னால் நடை. ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பி ஏழுக்குள் வீடு, கழுத்தில் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்த ஈரத்துண்டு. முன்பெல்லாம் டாக்டர்களே இந்த நோயாளிகளை அசையாமல் கிட என்றுதான் சொன்னார்களாம், இப்போது உடற்பயிற்சி செய்யச் சொல்லித் திட்டுகிறார்கள். அதனால்தான் நீங்கள் 'ரெஸ்ட் எடு' என்னும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. தனியாக நடந்த மூன்று மாதத்தில் பாதி நாள் போகவில்லை. பிறகு எதிர் வீட்டு அக்காவும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள், சர்க்கரை குறையவேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. இப்போது மழை பெய்தால்தான் நிற்கிறோம். அவர்கள் பேசுகிற கதையைக் கேட்கவாவது கால் நடந்துவிடுகிறது. யார் வீட்டில் என்ன சண்டை என்று எனக்கு இப்போது எல்லாம் தெரியும், ஜாக்கிரதை!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் இதற்கெல்லாம் ஆள் தேடவேண்டியதில்லை. லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்கு முன்னாலேயே மேற்பார்வைத் தண்டலுக்குத் தெரியும், ஆயாக் கொட்டகையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள், ராத்திரி யாராவது கஞ்சி கொண்டுவருவார்கள். கோயில் கூப்பிடு தூரம். ரப்பர் போய் செம்பனை வந்தது, லயத்தை இடித்தார்கள், நாமெல்லாம் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு இரும்புக் கேட் போட்டுக்கொண்டோம். அந்தக் காலத்துக் கஷ்டத்தை நான் மறக்கவில்லை, தண்ணீருக்கு வரிசையில் நின்றவன்தான். ஆனால் இப்போது நாம் எல்லாரும் ஒரே இடத்தில் சேர்வது கோயிலில்தான். அந்த ஒரு இடத்திலும் நான் வெளியே நிற்கிற ஆளாகிவிட்டேன். நீங்கள் கருணையில்தான் மேளக் குழுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தீர்கள், தெரியும். அன்னதான வேலைப் பட்டியலிலும் இல்லை, கூட்டச் சேதியும் எனக்கு வருவதில்லை. 'சிரமப்படுத்த வேண்டாம்' என்று விட்டுவிட்டீர்கள். ஊசி போட்ட ராத்திரிகளில் காய்ச்சலும் குளிரும் வரும், அதைக்கூடத் தாங்கிவிடுவேன். முன்பு திங்கள், புதன், வெள்ளி என்று போட்டுக்கொண்டிருந்ததை, டாக்டரிடம் கெஞ்சி ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்று மாற்றிக்கொண்டதே வெள்ளிக்கிழமை பூசைக்குத் தெம்பாக வரத்தான். வந்தால் உட்கார இடம் இல்லை.

நான் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டை வைத்திருக்கிறேன், 2008ஆம் வருஷத்துச் சட்டம் பொது இடங்களுக்குள் எங்களுக்கு வழி வேண்டும் என்று சொல்கிறது, ஆனால் சொந்தக் கோயிலில் சட்டம் பேச எனக்கு இஷ்டமில்லை. வேறொன்று ஞாபகப்படுத்துகிறேன். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அப்போது அமைச்சராக இருந்த நம்ம ஊர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, தோட்டத்தையே வாங்கினார்கள். என் தாத்தாவும் கட்டினார். தோட்டம் வாங்கின கூட்டத்துக்கு மூன்று படிக்கட்டுக்குக் கைப்பிடி போடுவது ஒரு வேலையா?

பணமும் கேட்கவில்லை. அந்த 640 வெள்ளி உறையோடு சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. முன் வாசல் மூன்று படிக்கும் இரண்டு பக்கமும் கம்பி போட வெல்டிங் கடையில் 450 என்றார்கள். மீதி 190க்கு மண்டபத்தின் இடது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் ஒரு சுவர் மின்விசிறி. அதன் கீழே நாலு நாற்காலி, எனக்கு ஒன்று போதும், மற்றதில் உட்கார முட்டி வலிக்காரர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கூச்சத்தில் கேட்காமல் இருக்கிறார்கள்.

அப்புறம் எனக்கு வேலை கொடுங்கள். அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறேன், வலது கை நன்றாக இருக்கிறது. அதைவிட முக்கியமாகச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், மண்டபத்தை ஒன்றரை மணி நேரம் திறந்துவிடுங்கள். அந்த வாளிப் பையனுக்கும் இன்னும் வருகிற பிள்ளைகளுக்கும் உறுமி சொல்லிக்கொடுக்கிறேன். அவன் வேகமாக அடிக்கிறான், கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் தேய்க்கத் தெரியவில்லை. உறுமி அடித்தால் சத்தம்தான் வரும், தேய்த்தால்தான் அழும். கோலைத் தோலில் அழுத்தி எந்த இடத்தில் பிடியைத் தளர்த்த வேண்டும் என்பது என் இடது கைக்கு மறந்துபோனாலும் எனக்கு மறக்கவில்லை, வாயால் சொல்லிக் காதால் திருத்திவிடுவேன். போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் அவனுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். என் மரத்த கையை அவன் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டேன், தோல் தொடுவது எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதிர்வு முழங்கை வரைக்கும் வந்தது.

அடுத்த கூட்டம் ஞாயிறு ராத்திரி எட்டு மணி என்று பலகையில் எழுதியிருக்கிறது. அன்று எனக்கு ஊசி நாள். ஐந்து மணிக்கு வைத்தால் நான் வந்து பேசிவிட்டு வீடு போய் ஊசி போட்டுக்கொள்வேன். சொன்ன நேரத்தில் தொடங்கினால் இன்னும் நல்லது.

கழிவறைப் பூட்டுக்கு நகல் சாவி போட ஆறு வெள்ளி என்று பாசார் பக்கத்துச் சாவிக் கடையில் சொன்னார்கள். அதையும் நானே கொடுத்துவிடுகிறேன். அசல் சாவியை ஒரு நாள் மட்டும் இரவல் தாருங்கள், பையனை அனுப்பி வாங்கிக்கொள்கிறேன்.